சாய்த்து வைத்த சீட்டுகளை நேராக்கியவர் மீது

அனுப்புநர்:
ரேடார் கட்டுப்பாட்டாளர்,
மேற்கு மேசை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை.
(இப்போது உட்கார வைக்கப்பட்டிருக்கும் இடம்: நுழைவாயில், பார்வையாளர் பாஸ் கவுன்டர்)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வான்பயணப் பாதுகாப்பு ஆணையம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: பறந்துகொண்டிருந்த இரண்டு விமானங்களை மோதும் நிலைக்குக் கொண்டுபோன குற்றத்துக்காக என் உரிமத்தை ரத்து செய்யும் ஆணையை நிறுத்தி வைக்கவும், அக்குற்றத்தைத் தன் விரலால் செய்த கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. விசாரணைக் குழுவின் முடிவு. 2. ‘ஒழுங்கான பணியிடம்’ கேடயம் வழங்கும் விழாவின் அழைப்பிதழ்.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு,

1. என் உரிமத்தை ரத்து செய்யும் ஆணை தங்கள் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று அறிகிறேன். பேனாவைத் திறப்பதற்கு முன் இந்த மனுவை முழுவதும் வாசிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த உரிமம் போனால் இனி எந்த நாட்டிலும், எந்தக் கட்டுப்பாட்டு அறையிலும் யாரும் என் காதில் ஹெட்செட் மாட்டமாட்டார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

2. இத்தகைய மனுவைப் பிரிவின் பொறுப்பாளர் வழியாகவே தங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. நான் குற்றம் சாட்டுவதே அந்தப் பொறுப்பாளர் மீதுதான். அவர் கையில் கொடுத்தால் இந்த மனுவையும் நேராக்கிவிடுவார் என்பதால் விதியை மீறி நேரடியாக அனுப்புகிறேன். இந்த மீறலுக்கு என்ன தண்டனை உண்டோ அதையும் சேர்த்தே தரலாம். ஏற்கனவே வாங்கியதன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

3. இன்னொன்றையும் முதலிலேயே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேற்படி பொறுப்பாளர் என் உடன்பிறந்த அக்காவின் கணவர். அலுவலகத்தில் ‘சார்’ என்றும் வீட்டில் ‘அத்தான்’ என்றும் அழைத்து வந்தேன். இப்போது எப்படியும் அழைப்பதில்லை. குடும்பப் பகையை அலுவலகத்தில் தீர்த்துக்கொள்கிறாள் என்று அவர் தங்களிடம் சொல்லக்கூடும். அவர் சொல்வது தவறு. அலுவலகப் பகையைத்தான் குடும்பத்துக்குள் கொண்டு வந்திருக்கிறேன்.

4. விசாரணைக் குழுவில் இருந்த மூவரில் ஒருவர்கூட ரேடார் மேசையில் உட்கார்ந்தவர் இல்லை. எனவே எங்கள் வேலை முறையைச் சற்று விளக்குகிறேன். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு உண்டு. விமானத்தின் எண், உயரம், அது கடக்கப்போகும் இடங்கள் எல்லாம் அதில் இருக்கும். பிளாஸ்டிக் சட்டகத்தில் செருகி, எங்கள் இடது கைப்பக்கம் உள்ள பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவோம். இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேரப்போகின்றன என்று தெரிந்தால் அந்த இரண்டின் சீட்டுகளையும் பாதி வெளியே இழுத்துச் சாய்த்து வைப்போம். ஒன்றை ஏற்றியோ இறக்கியோ திருப்பியோ விலக்கிய பிறகுதான் உள்ளே தள்ளுவோம். சாய்ந்த சீட்டு என்றால் இங்கே உயிர் தொங்குகிறது என்று பொருள். நேரான சீட்டு என்றால் கவலை இல்லை, அடுத்ததைப் பார் என்று பொருள். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து விமானங்களோடு பேசுகிறவரின் மூளை எதையாவது தவறவிடும். அதற்காகத்தான் பலகை. மூளையை நம்பாதே, பலகையை நம்பு என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். என் பயிற்சிக் காலத்தில் அந்தப் பாடத்தை நடத்தியவர் மேற்படி பொறுப்பாளரேதான்.

5. ஒருவர் பலகையை இன்னொருவர் தொடக்கூடாது. இது எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. அடுத்தவர் வாயில் இருக்கும் பல்லைத் தொடக்கூடாது என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா? பக்கத்து மேசைக்காரர் பேனா கேட்டால்கூட என் பலகைக்கு மேலாகக் கையை நீட்டமாட்டார், சுற்றிக்கொண்டுதான் வருவார்.

6. பொறுப்பாளரின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அறையில் அவருக்குப் பெயர் ‘ஸ்கேல்’. எதையும் கோணலாகப் பார்க்கச் சகிக்காதவர். நாற்காலிகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தண்ணீர் பாட்டில்களின் லேபிள் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். வீட்டிலும் இதே கதைதான். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு ஜோடி ஜோடியாக மாறியிருக்கும். சாப்பாட்டு மேசையில் கரண்டிகள் அணிவகுத்துப் படுத்திருக்கும். என் அக்கா தூங்கும்போது தலையணையை நேராக்கியதில் இரண்டு முறை அலறி எழுந்திருக்கிறாள். இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் பொறுத்தோம். ரேடார் மேசையை விட்டு எழுந்து நிர்வாக அறைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், சாய்ந்த சீட்டைக் கண்டால் அவருக்கு இப்போது விமானம் நினைவுக்கு வருவதில்லை, கைதான் துறுதுறுக்கிறது.

7. இனி அன்று நடந்தது. பிற்பகல், விமானங்கள் அதிகமாக வரும் வேளை. ‘ஒழுங்கான பணியிடம்’ கேடயத்துக்காகப் பார்வையிட ஒரு குழு வந்திருந்தது. அதற்காகக் காலையிலிருந்தே தரை தேய்க்கப்பட்டு, திரைகள் துடைக்கப்பட்டு, எங்கள் நாற்காலி முதுகில் கிடந்த துண்டுகளும் டீக் கோப்பைகளும் ஒரு அலமாரிக்குள் திணிக்கப்பட்டிருந்தன. மேற்கிலிருந்து ஒரு சரக்கு விமானமும் வடக்கிலிருந்து ஒரு பயணிகள் விமானமும் ஒரே உயரத்தில் ஒரே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. வெகு முன்னதாகவே கண்டுகொண்டேன். சரக்கு விமானத்தை ஆயிரம் அடி இறக்கினால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்த உயரத்தில் அதற்கு நேர் கீழே மூன்றாவது விமானம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது விலகட்டும், பிறகு இறக்கலாம் என்று இரண்டு சீட்டுகளையும் சாய்த்து வைத்தேன். இதில் பிழை ஏதும் உண்டா என்று தாங்கள் எந்தக் கட்டுப்பாட்டாளரையும் கேட்கலாம்.

8. அந்த நேரத்தில் வேறொரு விமானி, எதிரே இடிமேகம் இருப்பதால் சுற்றிக்கொண்டு போக வழி கேட்டார். அவரைப் பக்கத்துப் பகுதியின் வான்வெளிக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு அந்தப் பகுதிக் கட்டுப்பாட்டாளரின் சம்மதம் வேண்டும். தொலைபேசி என் வலது கைப்பக்கம். வலப்பக்கம் முழுவதும் திரும்பி, ஒரு காதில் அவரையும் இன்னொரு காதில் விமானியையும் வைத்துக்கொண்டு பேசினேன். என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் வந்து நின்றது தெரியும். சிரிப்புச் சத்தமும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அது என் வேலையும் இல்லை.

9. பேசி முடித்துப் பலகையைப் பார்த்தேன். எல்லாச் சீட்டுகளும் நேராக இருந்தன. நேராக இருந்தால் என்ன செய்யப் பழகியிருக்கிறேனோ அதைச் செய்தேன். அடுத்த விமானத்தைக் கவனித்தேன். சற்று நேரத்தில் திரையில் அந்த இரண்டு விமானங்களும் சிவப்பாகத் துடித்தன. எச்சரிக்கை மணி கடைசி நேரத்தில்தான் அடிக்கும், அதற்குப் பிறகு யோசிக்க இடமில்லை. பயணிகள் விமானத்தை உடனே கீழே இறங்கச் சொன்னேன். சரக்கு விமானத்தை வலப்பக்கம் திருப்பினேன். ஐந்து மைல் இடைவெளி இருக்க வேண்டிய இரண்டும் ஒரு மைலுக்கும் குறைவான இடைவெளியில் ஒன்றையொன்று கடந்தன. அவை கடந்து முடிக்கும்வரை என் குரல் நடுங்கவில்லை. அதன் பிறகு பக்கத்து மேசைக்காரர் என் ஹெட்செட்டைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டார். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே வந்தபோது பார்வைக் குழு நீல பிளாஸ்டிக் உறை மாட்டிய கால்களோடு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

10. அந்தப் பயணிகள் விமானத்தில் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த பணிப்பெண், விமானம் திடீரென்று தாழ்ந்ததில் தூக்கி எறியப்பட்டு விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. அவரைப் போய்ப் பார்க்கக்கூடாது என்று எனக்கு அறிவுரை கூறப்பட்டது. போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்க முடியாததால் அவருடைய அம்மா தலை வாரிக்கொண்டிருந்தார். இன்னார் என்று சொன்னதும் அந்தப் பெண் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன்: “நீங்கதானாக்கா அது? உங்க குரல்ல ஒரு பிசிறுகூட இல்லைன்னு கேப்டன் சொன்னாரு. குரல் மட்டும் தடுமாறியிருந்தா தன் கையும் தடுமாறியிருக்கும்னாரு.” அவருடைய அம்மா என்னோடு பேசவே இல்லை. சீப்பைக் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் போய்விட்டார். அந்த அம்மாவின் கோபம் சேர வேண்டிய விலாசம் வேறு என்று அன்று எனக்கும் தெரியாது.

11. விசாரணையில் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சீட்டுகளைச் சாய்த்தேன், யாரோ நேராக்கிவிட்டார்கள். யார் என்று கேட்டார்கள். என் முதுகில் கண் இல்லை. பொறுப்பாளர் சாட்சியாக எழுந்து, பலகை நேராக இருந்ததைத் தானே பார்த்ததாகவும், சீட்டுகள் சாய்க்கப்படவே இல்லை என்றும் கூறினார். ஆதாரமாகப் பார்வைக் குழுவின் அறிக்கையைக் காட்டினார். அதில், மேற்கு மேசையின் பலகையில் சீட்டுகள் கோடு போட்டதுபோல் இருந்ததைக் கண்டு மகிழ்ந்தோம் என்று எழுதியிருந்தார்கள். அவருக்குக் கேடயம் வாங்கித்தந்த அதே வரிதான் என் உரிமத்தையும் பறிக்கப்போகிறது. அறையில் பார்த்தவர்கள் ஓரிருவராவது இருப்பார்கள். பார்க்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. கோபத்தைப் பலருக்குப் பங்கு போட்டால் உரியவருக்குக் குறைந்துவிடும்.

12. தீர்ப்பு சொல்லும்போது குழு, ‘மறதி’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. அன்று முதல் நானும் அதை நம்பத் தொடங்கினேன். சீட்டைச் சாய்த்தேனா, சாய்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் வீடு திரும்பினேன். கதவைப் பூட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தேன். என் கணவர் நல்ல மனுஷர். “வேலைய விடு, நிம்மதியா இரு” என்றார். கண்ணை மூடினால் திரை சிவப்பாகத் துடிக்கும் ஒருத்தியிடம் நிம்மதி என்று சொல்கிறாரே என்று அவர்மேலும் எரிந்து விழுந்தேன். என் பதவி பறிபோனதை மன்னித்தாலும் மன்னிப்பேன். என் கையையே நான் சந்தேகப்பட வைத்ததை மன்னிக்கமாட்டேன்.

13. உண்மை வெளிவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில். நான் மனம் உடைந்து இருக்கிறேன் என்று அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பொறுப்பாளரின் தம்பியும் வந்திருந்தார். கேடயம் எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்க, பொறுப்பாளர் உற்சாகமாகிவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “குழு உள்ள வருது. எல்லாம் பளபளன்னு இருக்கு. ஒரே ஒரு போர்டுல மட்டும் ரெண்டு சீட்டு எடுப்பான பல்லு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. என்னடா இது, பல்லு எடுப்பா இருக்குன்னேன். ஒரே தட்டு. லைனா போய் உக்காந்துச்சு. குழுவுல வந்த அந்தம்மா சிரிச்சுட்டாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, கேடயம் நமக்குத்தான்னு.” தட்டிக் காட்டும்போது மேசைமேல் இருந்த ஒரு கரண்டியை அதே விரலால் நேராக்கினார்.

14. தம்பி சிரித்தார். என் கணவர் சிரிக்கப்போய் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. “எந்த போர்டு அத்தான்?” என்று கேட்டேன். அவர் “ஏதோ ஒண்ணு” என்றார். தட்டில் இருந்ததைப் பிசையத் தொடங்கினார். அந்த ‘ஏதோ ஒண்ணு’ என்பதில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது என் சாட்சியம். அதுவரை அவர் அறியாமல் செய்தார், மறந்தும் போனார் என்று தாங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கவளத்துக்குப் பிறகு அவர் செய்த எதுவும் அறியாமல் செய்தது இல்லை.

15. மறுநாள் அவரிடம் போய், விசாரணைக் குழுவிடம் சொன்ன சாட்சியத்தைத் திருத்தச் சொன்னேன். நிர்வாக அறையில், கதவைச் சாத்திவிட்டு, அவர் கூறியவை: “நான் தொட்டேன்னு உனக்கு யாரு சொன்னது?” நீங்கள்தான் என்றேன். “வீட்டுல பேசுறது வேற. ஆபீஸ் வேற. நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னும் எத்தனையோ வாசல் திறக்கும். நான் ரிட்டயர் ஆகி வெளிய போற நேரம். கவுரவமா போக விடு.” நான் சின்னப் பெண்ணும் இல்லை. எனக்குத் திறந்த வாசலும் ஒன்றே ஒன்றுதான். பார்வையாளர்கள் உள்ளே நுழைகிறார்களே, அந்த வாசல். அங்கேதான் இப்போது பாஸ் எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பேச்சு முடிந்து நான் எழுந்தபோது, உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் மேசையோடு ஒட்டி நேராகத் தள்ளி வைத்தார்.

16. பாஸ் கவுன்டர் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அடியிலேயே இருக்கிறது. தலைக்கு மேல் ஒரு இரைச்சல் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. எங்கிருந்து வருகிறது, என்ன உயரம், பின்னால் யார் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் “என்னம்மா, தூக்கமா?” என்கிறார்கள். நடக்கவிருக்கும் கேடய விழாவின் விருந்தினர்களுக்கும் நான்தான் பாஸ் எழுத வேண்டும். அன்று சிரித்த அந்த அம்மாளின் பெயரையும் என் கையால் அழகாக எழுதுவேன். ஒரு எழுத்துகூடச் சாயாது.

17. அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதலில் அவள் எனக்குத் தொலைபேசி செய்து அழுதாள். “ரிட்டயர் ஆகப்போறாருடி. அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில கிடைச்ச ஒரே கேடயம். விட்டுடேன்” என்றாள். அப்போது நான் அவளிடம் பேசிய வார்த்தைகள் மனுவில் எழுதத் தக்கவை அல்ல. உறவே முறிந்தது என்றுதான் இருந்தேன். சில நாள் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை. “யாராவது கேட்டா அன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லணுமாம். எனக்குக் காது மந்தம்னு சொல்லச் சொல்றாருடி” என்றாள். இத்தனை வருடம் செருப்பை நேராக்கினார், தலையணையை நேராக்கினார், சகித்தாள். தன் காதையே நேராக்க வந்தபோது அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று முதல் அந்த வீட்டில் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் எல்லாம் சற்றே சாய்ந்திருக்கின்றன என்று கேள்வி. அவர் காலையில் நேராக்குகிறார். மாலையில் மறுபடி சாய்ந்திருக்கின்றன. யாரும் எதுவும் பேசுவதில்லையாம்.

18. ஆதாரம் இருக்கிறது. எங்கள் ஒவ்வொரு மேசைக்கும் மேலே கூரையில் ஒரு ஒலிவாங்கி பொருத்தப்பட்டு, அறைக்குள் பேசுவதெல்லாம் பதிவாகிறது. விசாரணைக் குழு கேட்டது ஹெட்செட்டில் நான் பேசிய பதிவை மட்டும். அறையின் பதிவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் பொறுப்பாளர். அந்தப் பதிவு ஒரு மாதம்தான் இருக்கும், பிறகு அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். அந்த மாதம் விழா நடக்கும் வாரத்தோடு முடிகிறது. ‘பல்லு எடுப்பா இருக்கு’ என்ற குரலும் அந்தச் சிரிப்பும் சட்டகத்தைத் தட்டும் சத்தமும் அதற்குள் கைப்பற்றப்படாவிட்டால், அவர் மாலையோடு படியிறங்கிப் போய்விடுவார். காலம் போகட்டும் என்றுதான் அவர் காத்திருக்கிறார். என்னால் காத்திருக்க முடியாது.

19. எனவே நான் வேண்டுவன:

அ) அறையின் ஒலிப்பதிவை இன்றே தங்கள் காவலில் எடுக்க வேண்டும். அதைக் கேட்கும்வரை என் உரிமத்தின் மீது கையெழுத்துப் போடக்கூடாது.

ஆ) கேடய விழாவை ஒருபோதும் ரத்து செய்யக்கூடாது. இதைத் தாங்கள் தவறாகப் படிக்கவில்லை. விழா நடக்க வேண்டும். மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி எல்லாம் வேண்டும். அவர் கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கித் தலைக்கு மேல் தூக்கும்போது, அந்த ஒலிப்பதிவை அதே ஒலிபெருக்கியில் போட வேண்டும். முதலில் பல்லு என்று அவர் சொல்வது, பிறகு சிரிப்பு, பிறகு விமானங்களை நான் விலக்கிய குரல். வெட்டாமல், வரிசை மாற்றாமல்.

இ) அதன் பிறகு அவர் அந்தப் பணிப்பெண்ணின் வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டும். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. அதே நகைச்சுவையை அதே சிரிப்போடு அந்தப் பெண்ணின் முன்னால் நின்று இன்னொரு முறை சொல்வதற்காக. சீப்பைப் பிடித்துக்கொண்டு அவருடைய அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும்.

20. இத்தகைய மனுக்களில் ‘எனக்கு நியாயம் வழங்குங்கள்’ என்று எழுதுவது வழக்கம். எனக்கு வேண்டியது பழி. நியாயம் என்று எழுதினால் தாங்கள் குழு அமைப்பீர்கள், குழு டீ குடிக்கும், அறிக்கை வரும். பழி என்று எழுதினால் தங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தோடு இதைப் படியுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

21. ஒலிப்பதிவில் சத்தம் தெளிவாக இல்லை, சிரிப்பை வைத்து முடிவெடுக்க முடியாது என்று தங்கள் சட்ட அதிகாரி சொல்லக்கூடும். அப்படியானால் மாற்றாக ஒரு வழி சொல்கிறேன். பயிற்சிக் கூடத்தில் சிமுலேட்டர் இருக்கிறது. திரை அசல், பலகை அசல், சீட்டுகள் அசல், விமானங்கள் மட்டும் பொய். அன்று பிற்பகல் என் வானத்தில் இருந்த விமானங்களை அப்படியே அதில் ஏற்றுங்கள். இடிமேகத்தையும் ஏற்றுங்கள். பொறுப்பாளரை என் இடத்தில் உட்கார வையுங்கள். பாடம் நடத்தியவர், மறந்திருக்கமாட்டார். முன்வரிசையில் என் அக்கா உட்காரட்டும். காலில் நீல உறை மாட்டிக்கொண்டு பார்வைக் குழுவும் வரட்டும். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். அவர் வலப்பக்கம் திரும்பித் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், அவர் சாய்த்து வைத்த சீட்டுகளை ஒரு விரலால் மெதுவாக நேராக்குவேன். வேறு எதையும் தொடமாட்டேன். பல்லு எடுப்பாக இருக்கிறது என்று சொல்வேன். குழு சிரிக்கட்டும்.

22. அவர் ஒரு விமானத்தை இன்னொரு விமானம் நெருங்காமல் அந்தப் பிற்பகலைக் கடந்துவிட்டால், என் உரிமத்தைத் தாங்கள் அங்கேயே ரத்து செய்யலாம். பேனா நான் தருகிறேன். திரையில் அந்த இரண்டும் சிவப்பாகத் துடித்தால், அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வை போதும் எனக்கு. ஓய்வூதியத்தையோ வீட்டையோ நான் கேட்கவில்லை. அவர் தன் கையைத் தானே விரித்துப் பார்த்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும். அங்கே யாருக்கும் எலும்பு முறியாது, யாரும் விழமாட்டார்கள். விமானங்கள் பொய்யானவை. வியர்வை மட்டும் அசலாக இருக்கும்.

23. இம்மனுவில் கூறியவை அனைத்தும் உண்மை. கடுமை என்று தோன்றும் இடங்கள் எல்லாம் இருமுறை படித்துப் பார்த்த பிறகே விட்டு வைக்கப்பட்டவை. தங்கள் பதிலைப் பாஸ் கவுன்டரில் எதிர்பார்த்திருப்பேன். தாங்களே நேரில் வருவதானால், பாஸ் எழுதிக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மரியாதையும் கோபமும் ஒருசேர உள்ள,
மேற்கு மேசைக் கட்டுப்பாட்டாளர்.
(கையெழுத்து)

நாள்: கேடய விழா நடக்கும் வாரத்தின் திங்கட்கிழமை.
இடம்: பார்வையாளர் பாஸ் கவுன்டர், நுழைவாயில்.

சாட்சி:
மேற்படி பொறுப்பாளரின் மனைவி, மனுதாரரின் அக்கா. இன்று காலை நேரில் வந்து, வருகையின் நோக்கம் ‘கையெழுத்து’ என்று எழுதிப் பாஸ் வாங்கி, மனுவை முழுவதும் உரக்கப் படிக்கக் கேட்டு, காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.
(கையெழுத்து)

குறிப்பு: சாட்சியின் கையெழுத்து வேண்டுமென்றே சாய்த்துப் போடப்பட்டிருக்கிறது. யாரும் நேராக்க வேண்டாம்.